இருபது நொடியும் மூன்று நிமிடமும்

"கார்ல கேமரா மாட்டியிருக்கீங்களே, போலீஸ் கேஸுன்னு வந்தா அது நமக்கு உதவுமா, இல்ல நம்மளையே மாட்டிவிடுமா?" என்று காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். மகன் வாங்கித் தருகிறேன் என்கிறானாம், இவருக்குத் தயக்கம். இரண்டையும் செய்யும் என்றேன். பூங்காவை நாலு சுற்று சுற்றியும் கதை முடியவில்லை. மீதியைப் பதிவாகவே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் 31 வருடம் பொதுக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் மோட்டார் பிரிவு. விபத்துக் கோப்புகள் என் மேஜையில் மலையாகக் கிடக்கும். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், கையால் வரைந்த சாலைப்படம், பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை, ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி. ஊர் மாறும், பெயர் மாறும், ஒரு வரி மட்டும் மாறாது: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி..." அந்த வரி இல்லாத எஃப்.ஐ.ஆரை நான் பார்த்த ஞாபகம் இல்லை. இன்னொரு எழுதாத சட்டமும் உண்டு. சைக்கிளும் பைக்கும் மோதினால் பைக் மேல் தப்பு, பைக்கும் காரும் மோதினால் கார் மேல் தப்பு, காரும் லாரியும் மோதினால் லாரி மேல் தப்பு. சம்பவத்தைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் ஆறு மாதம் கழித்து எங்கிருந்தோ முளைப்பார்கள்.

அதனால் பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது கண்ணாடியில் கேமராவை ஒட்டியதும் எனக்குச் சந்தோஷம்தான். ரஷ்யாவில் போலி விபத்துக்காரர்களுக்குப் பயந்தே பல பேர் இதை மாட்டிக்கொண்டார்களாம். 2013 பிப்ரவரியில் செல்யாபின்ஸ்க் ஊருக்கு மேலே விண்கல் வெடித்ததை உலகம் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததற்கும் அந்தக் கார் கேமராக்கள்தான் காரணம். மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகப் படம் எடுக்கும், கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதும், மோதல் அதிர்ச்சி வந்தால் அந்தத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டிவைக்கும். மூலையில் வேகமும் நேரமும் ஓடும். மகன் இதையெல்லாம் விளக்கினான். உள்ளே பேசுவதையும் பதிவு செய்யும் என்று சொன்னானா, எனக்குத்தான் காதில் ஏறவில்லையா, தெரியாது.

2025 மாசி மாதம். புதுக்கோட்டைக்குப் போய் திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, நானும் மனைவியும் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை ஐந்தே முக்கால் இருக்கும். வெயில் தாழ்ந்து இடது பக்கமிருந்து கண்ணைக் கூசியது. ஒரு கிராமத்துப் பிரிவு வந்தது. இடப்பக்கச் சாலையிலிருந்து ஒரு பையன் பைக்கில் நிற்காமல் ஏறி, குறுக்கே கடந்தான். ஹெல்மெட் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். முன் பம்பர் அவன் பின்சக்கரத்தில் இடித்தது. பைக் ஒரு சுற்று சுற்றி விழுந்தது. அவன் கால் அதற்கு அடியில்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதை எழுத விருப்பமில்லை.

இரண்டு நிமிடத்தில் ஐம்பது பேர். யாரோ காரின் சாவியை உருவிக்கொண்டார்கள். "வயசான காலத்துல எதுக்கய்யா வண்டி ஓட்டுற?" என்று ஒரு குரல். என் மனைவி கீழே இறங்கி, பையனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு 108க்குச் சொல்லச் சொன்னாள். அதன் பிறகுதான் கூட்டத்தின் சூடு கொஞ்சம் தணிந்தது. டீக்கடைக்காரர் கண்ணாடியை எட்டிப் பார்த்து, "ஏய், உள்ள கேமரா இருக்குப்பா" என்றார். ஒருவர் பின்வாங்கினார். இன்னொருவர், "அதை முதல்ல பிடுங்குடா" என்றார். கேமரா உதவுமா கெடுக்குமா என்ற கேள்விக்கு அங்கேயே இரண்டு பதிலும் வந்துவிட்டன. நல்லவேளை, யாரும் பிடுங்கவில்லை.

அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. ஆம்புலன்ஸ் கிளம்பியதும் நானே காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். ஏட்டையா ஒருவர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். எஸ்.ஐ. இளைஞர், மரியாதையானவர். கேமரா இருக்கிறது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. என் கைபேசியில் அந்தத் துண்டைத் திறந்து காட்டினேன். கடைசி இருபது நொடியை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"தெளிவா இருக்கு சார். நிக்காம ஏறி வர்றான், ஹெல்மெட்டும் போடல. இந்த இருபது செகண்டை மட்டும் வெட்டி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க, பையன் மேலயே 281 போட்டுக்கலாம்."

நான் அனுப்பினேன். மறைக்காமல் சொல்கிறேன், அப்போது எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. 31 வருடமாக நான் படித்த "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என் பெயருக்கு எதிரே வரப்போவதில்லை. புகாரை மட்டும் காலையில் நிதானமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, காரை ஸ்டேஷனில் விட்டு, வாடகை வண்டியில் வீடு வந்தோம்.

தூக்கம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு அந்தத் துண்டை முழுதாக, மூன்று நிமிடமும், சத்தத்தோடு போட்டுப் பார்த்தேன்.

முதல் நிமிடத்தில் என் மனைவியின் குரல்: "ஏங்க, ஊர் வருது, மெதுவாப் போங்க." என் குரல்: "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு." அப்புறம் சாலையோரம் ஒரு பலகை தாண்டுகிறது. நாற்பது என்று போட்டிருக்கிறது. மூலையில் ஓடும் வேகம் 68. நான் சத்தியமாக ஐம்பதில் போகிறேன் என்று நினைத்திருந்தேன். பிறகு, இடிப்பதற்கு ஏழெட்டு நொடி முன்னால், மறுபடி என் குரல்: "அங்க பாரு, குளத்துல சொட்டுத் தண்ணி இல்ல. மாசியிலயே இப்படின்னா சித்திரைக்கு என்ன ஆகும்?" குளம் வலது பக்கம். பையன் வந்தது இடது பக்கம்.

அதற்குப் பிறகுதான் எஸ்.ஐ. கேட்ட இருபது நொடி.

கேமரா காட்டுவதும் நான் கண்டதும் ஒன்றல்ல என்பதும் அன்றுதான் புரிந்தது. படத்தில் வெயில் கூச்சமே இல்லை. கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், என் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அகன்ற லென்ஸ் என்பதால் எதிரில் உள்ளவை இருப்பதைவிடத் தூரமாகத் தெரிகின்றன. பார்ப்பவர், "இவ்வளவு தூரத்திலேயே தெரிகிறானே, ஏன் நிறுத்தவில்லை?" என்றுதான் கேட்பார். அது எனக்கு அநியாயம். ஆனால் 68 என்ற எண்ணும், குளத்தைப் பற்றிய என் பேச்சும் அநியாயம் அல்ல.

காலையில் மைத்துனருக்குப் போன் செய்தேன். வக்கீல், கிரிமினல் பக்கம்தான் அதிகம்.

"அத்தான், முழுசையும் அவங்க கேட்டாங்களா?"

"இல்ல, இருபது நொடிதான் கேட்டார்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கணும்? உங்க மேல கேஸ்னு வந்தாக்கூட, உங்களுக்கு எதிரான ஆதாரத்தை நீங்களே கொண்டாந்து குடுங்கன்னு சம்மன் அனுப்ப முடியாது. குஜராத் கேஸ் ஒண்ணுல 1964லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஆனா ஒண்ணு, அவங்களா வந்து கைப்பத்தலாம். அதுக்குத் தடை இல்ல. அழிச்சுடாதீங்க. அழிச்சா அது தனிக் குற்றம், பி.என்.எஸ். 238. வெட்டி ஒட்டுற வேலையும் வேணாம்."

வெட்டுகிற வேலையைத்தான் முந்தின இரவே செய்துவிட்டேனே என்று அவனிடம் சொல்லவில்லை. காலையில் தருவதாகச் சொன்ன புகாரையும் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் முதல் வரிக்கு மேல் ஓடவில்லை.

மூன்றாம் நாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனைவி ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டாள். பையனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, கம்பி வைக்கவேண்டும். அவன் அப்பா வார்டு வாசலில் நின்றிருந்தார். சண்டை போடுவார் என்று தயாராகப் போனேன். அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்:

"ஐயா, கேமராவுல எல்லாம் இருக்காம், தப்பு இவன் பேருலதானாம். இருக்கட்டும். ஆனா இவன் மேல கேஸ் மட்டும் வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். போலீஸ் வேலைக்குப் படிச்சிட்டிருக்கான். கேஸ் இருந்தா எடுக்க மாட்டாங்களாம்."

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக ஒரு வருடமாகக் காலை நாலு மணிக்கு எழுந்து ஓடியிருக்கிறான். கால் கூடி மறுபடி ஓடுவானா என்பது வேறு கேள்வி. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், போலீஸ் விசாரணை அறிக்கையில் அது வந்து நிற்கும் என்பது உண்மை. அந்த மனிதர் நான் காட்டிய இருபது நொடியை நம்பி, தன் மகன்தான் முழுக்கத் தப்பு என்று முடிவு செய்துவிட்டார். என்னிடம் கெஞ்சுகிறார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்வரை மனைவி ஒன்றும் பேசவில்லை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "முழுப் படத்தையும் குடுத்துருங்க. அதுல என் குரலும்தான் இருக்கு. நான் மெதுவாப் போகச் சொன்னது நாலு பேருக்குத் தெரியட்டும்."

மறுநாள் மெமரி கார்டையே எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். (போவதற்கு முன் மைத்துனர் யோசனைப்படி முழுவதையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். யார் போனாலும் இதைச் செய்யுங்கள். கைப்பற்றிய கார்டு எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.) எஸ்.ஐ. மூன்று நிமிடத்தையும் கேட்டார். குளத்துப் பேச்சு வந்தபோது நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சார், இதை நீங்க குடுக்கலன்னா எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியும்."

"இப்ப உங்க மேலதான் எழுதணும்."

"எழுதுங்க."

அவர் கோபப்பட்டாரா, மதித்தாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு படத்தின் மூலையைக் காட்டினார். "அதுசரி, இதுல மணி இராத்திரி எட்டு பதினேழுன்னு காட்டுது. வெளியில வெயில் அடிக்குதே?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேமரா சீனாவில் செய்தது. அதன் நேரக் கணக்கை யாரும் மாற்றவே இல்லை, அது சீன நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னே. எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவருக்கு இது போதும், படமே போலி என்று வாதாடுவதற்கு. நேரம் ஏன் மாறியிருக்கிறது என்று தனியாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன்.

அதோடு ஒரு சான்றிதழ் வேறு. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம் வந்திருக்கிறது. முன்பு 65-பி என்று பிரபலமாக இருந்தது இப்போது 63ஆம் பிரிவு. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. இப்போது அதில் இரண்டு பகுதி. ஒன்றில் கருவிக்கு உரியவர் கையெழுத்துப் போடவேண்டும், இன்னொன்றில் நிபுணர். கோப்பின் 'ஹாஷ்' என்று ஒரு நீளமான எண்ணும் குறிப்பிட வேண்டும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி கோப்புக்கு அது. ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், அப்போதும் மாறிவிடும். முதல் இரவு நான் அனுப்பிய இருபது நொடி அந்த நிம்மதிக்கு மட்டும்தான் உதவியது. நீதிமன்றத்தில் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் மேல் 281, 125(ஏ). எலும்பு முறிவுக்கான மருத்துவச் சான்று வந்ததும் 125(ஏ)-வை 125(பி) ஆக மாற்றினார்கள். அது மூன்று வருடம் வரை போகக்கூடிய பிரிவு, ஆனாலும் ஜாமீன் பெறக்கூடியது. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் படித்தேன். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..." ஆயிரம் கோப்புகளில் சலிப்போடு தாண்டிப்போன வரி. என் பெயருக்கு எதிரே படித்தபோது, தவறு என்று அடிக்க ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதம் கட்டினேன். பையன் மேல் வழக்கு இல்லை.

கேமராவைக் குறை சொல்ல எழுதவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இடித்துவிட்டு நிற்காமல் போனார் என்று புகார் வந்தபோது, அந்த நேரத்தில் தன் கார் எந்தச் சாலையில் இருந்தது என்பதைப் படத்தோடு காட்டி பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். இன்னொரு நண்பரிடம் போலீஸ் ஒரு வாரம் கழித்துப் படம் கேட்டது. அதற்குள் கார்டு சுற்றி வந்து எல்லாவற்றையும் அழித்திருந்தது. வேண்டுமென்றே அழித்தார் என்ற சந்தேகம்தான் மிச்சம். ஏதாவது உரசல் நடந்தால் அன்றே கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிடுங்கள்.

என் கதையில் ஒரு பகுதி இன்னும் முடியவில்லை. பையனின் இழப்பீட்டு வழக்கு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. யார் தப்பு என்று பார்க்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் வாங்கிக்கொள்ள 164ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் அவனுக்கு ஆன செலவும் போன காலமும் அதற்குள் அடங்காது. அதனால் 166இல் போட்டிருக்கிறார்கள். அதில் என் கவனக்குறைவை அவர்கள் நிரூபிக்க வேண்டும். பையனின் வக்கீல் கையில் இருப்பது என் படம்: 68, நாற்பது பலகை, குளம். என் காரின் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கையிலும் அதே படம்: நிற்காமல் ஏறியது, கையில் தொங்கிய ஹெல்மெட். பையனுக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பாயம் சொன்னால், அந்தப் பங்குக்குத் தக்கபடி தொகை குறையும். பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ கோப்புகளில் நானே பச்சை மையில் "பங்களிப்புக் கவனக்குறைவு வாதத்தை எழுப்புக" என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்திருக்கிறது.

நிறுவன வக்கீல் சென்ற வாரம் போனில் பேசினார். "சார், நீங்க நம்ம துறை ஆளு. மைக்கை முதல்லயே ஆஃப் பண்ணி வச்சிருக்கலாமே" என்றார். தப்பில்லாத யோசனைதான், பல கேமராக்களில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டால் பார்த்ததைச் சொல்வேன், குளத்தைப் பற்றிக் கேட்டாலும் சொல்வேன் என்றேன். "அது போதும் சார்" என்று வைத்துவிட்டார். குரலில் போதும் என்ற தொனி இல்லை.

பையன் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். ஓட ஆரம்பிக்கவில்லை.

காருக்குப் புதிய கார்டு போட்டாயிற்று. நேரத்தைச் சரிசெய்தாயிற்று. மைக்கை அணைத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். கூடாது என்றுவிட்டாள். இப்போதெல்லாம் வண்டி கிளம்பியதும் கண்ணாடியில் இருக்கும் கேமராவைப் பார்த்து அவளே சத்தமாகச் சொல்கிறாள்: "மணி ஒன்பதே கால். மழை இல்ல. நாப்பதுல போறாரு." நான் ஏதாவது பதில் சொல்ல வாயெடுத்தால், "ரோட்டைப் பாருங்க" என்கிறாள். அதுவும் பதிவாகிறது.